பழைய காரில் லோயர் ஆர்ம் புஷ் மாற்றுவது: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. நேர் ரோட்டிலேயே சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது, முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், பத்து வருடம் தாண்டிய காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது லோயர் ஆர்ம் புஷ்ஷைத்தான், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் சட்டத்தோடு இணைக்கும் கரத்தின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை. ஷாக் அப்சார்பரை மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. கார் அதிகம் ஓடவில்லை என்பதும் சமாதானம் ஆகாது. ரப்பர் ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் காய்ந்து வெடிக்கும்.

இங்கே சொல்வது முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களுக்கு. சாதாரணச் சின்ன கார்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து மேலே போகும். கீழே ஒரே ஒரு ஆர்ம், அதன் வெளிமுனையில் எல்லாப் பக்கமும் திரும்புகிற பந்து மூட்டு, அதாவது பால் ஜாயிண்ட், உள்பக்கம் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு புஷ். ஸ்பிரிங் ஸ்ட்ரட்டிலேயே அடைபட்டிருப்பதால் ஆர்மைக் கழற்றினாலும் பாய்ந்து வெளியே வராது. உங்கள் காரில் ஸ்பிரிங் நேராக லோயர் ஆர்ம் மேலேயே உட்கார்ந்திருந்தாலோ, அதற்குப் பதில் முறுக்கி ஸ்பிரிங் வேலை செய்யும் நீளமான கம்பி, அதாவது டார்ஷன் பார் இருந்தாலோ இந்தக் கட்டுரையை நம்பி இறங்காதீர்கள். அந்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

புஷ் எப்படி வேலை செய்கிறது

வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழல், நடுவில் ரப்பர், அவ்வளவுதான் புஷ். வெளிவளையம் ஆர்மில் உள்ள துளைக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். குழலுக்குள் போல்ட் போகும். போல்ட்டை இறுக்கியதும் குழலின் இரண்டு முனைகளையும் பிராக்கெட் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது இந்தக் குழல் போல்ட்டைச் சுற்றி உருளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உருளாது. ரப்பர் இரண்டு இரும்போடும் ஒட்டியபடி வார்க்கப்பட்டது, அதனால் உள்குழல் அசையாமல் நிற்க, வெளிவளையம் ஆர்மோடு திரும்ப, நடுவில் இருக்கும் ரப்பர் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பி வருகிறது. போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறீர்களோ அதுதான் அந்த ரப்பருக்கு முறுக்கே இல்லாத நிலை. இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் பாதி விஷயங்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் புஷ்தானா என்று பாருங்கள்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, வேறொருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள். அவர் மெதுவாக ஒரு அடி முன்னால் நகர்த்திப் பிரேக், ஒரு அடி பின்னால் நகர்த்திப் பிரேக் என்று செய்யட்டும். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சக்கரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால், பெரும்பாலும் பின்புஷ் போய்விட்டது. பிரேக்கின் அடியை அதிகமாக வாங்குவது அதுதான்.

அடுத்து காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே ஒரு நெம்புகோல் கம்பியைக் கொடுத்து இரண்டு பக்கமும் நெம்பிப் பாருங்கள். கொஞ்சம் அசைவது இயல்பு, ரப்பர் என்றால் அசையத்தான் செய்யும். நெம்பும்போது ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து கறுப்பாக ஒரு இடைவெளி திறக்கிறதா, உள்குழல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். மேல்தோலில் மட்டும் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் உடனே மாற்ற அவசரமில்லை. சில புஷ்களில் ரப்பருக்குள் பிறை வடிவத்தில் வேண்டுமென்றே காலி இடம் விட்டிருப்பார்கள், அதைக் கிழிசல் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரம் வழுவழுப்பாக இருந்தால் அச்சில் வார்த்தது, பிசிர் பிசிராக இருந்தால் கிழிந்தது. சில கார்களில் பின்புஷ்ஷுக்குள் திரவம் அடைத்திருக்கும். அப்படிப்பட்டதில் ஈரக் கசிவு தெரிந்தாலே அது முடிந்தது என்று அர்த்தம்.

எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ சொட்டி ரப்பர் ஊறிப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தால், முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் புது புஷ்ஷும் அதே வழியில் போகும்.

இதோடு பால் ஜாயிண்ட்டையும், கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையில் மாட்டியிருக்கும் சின்னத் தண்டான ஸ்டெபிலைசர் லிங்க்கையும் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். 'டொக்' சத்தத்துக்குப் பாதி நேரம் லிங்க்தான் காரணம், அதை மாற்றுவது இதில் கால்வாசி வேலை.

புஷ் மட்டுமா, முழு ஆர்மா?

பால் ஜாயிண்ட்டும் ஆட்டம் கண்டிருந்தால், ஆர்ம் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தால், புஷ்களும் பால் ஜாயிண்ட்டும் சேர்ந்தே வரும் முழு ஆர்மை வாங்கிவிடுங்கள். பிரஸ் தேவையில்லை, அறுப்பது இடிப்பது கிடையாது, ஒரு புதியவருக்கு ஒரு நாளில் முடிகிற வேலை. புஷ் மட்டும் மாற்றுவது எப்போது லாபம் என்றால், ஆர்ம் நல்ல கனமான ஒரிஜினலாக இருந்து, கிடைக்கிற மாற்று ஆர்ம் தகடும் ரப்பரும் மட்டமாக இருக்கும்போது. பழைய கார்களில் இது அடிக்கடி நடக்கும். நல்ல ஆர்மைத் தூக்கி எறிந்துவிட்டு மட்டமானதை மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று கேட்பார்கள். அது வேறு வகை. ரப்பர் மாதிரி ஒட்டி முறுக்குவதில்லை, குழல் அதற்குள் உண்மையாகவே உருளும்; அதனால் கூடவே வரும் சிலிகான் வகை கிரீஸ் கட்டாயம் பூச வேண்டும். ஸ்டீயரிங் கூர்மையாகும், ரோட்டின் அதிர்வும் சத்தமும் உள்ளே வரும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். அன்றாடம் வேலைக்கு ஓட்டும் பழைய காருக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

எதை வாங்கினாலும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் கார் பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். புது போல்ட், நட்டு கிடைத்தால் அதையும் சேர்த்து எடுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டை ஒரு தடவைக்கு மேல் நம்பக்கூடாது, ஒரு அளவுக்கு இறுக்கிய பிறகு இத்தனை டிகிரி கோணம் திருப்பச் சொல்லும் போல்ட்டுகளையும் பல தயாரிப்பாளர்கள் மறுபடி பயன்படுத்தக்கூடாது என்றே சொல்கிறார்கள்.

என்னென்ன வேண்டும்

ஜாக்கி, கனமான இரண்டு ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடைக்கட்டை, நல்ல சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், பால் ஜாயிண்ட் பிரிப்பான், துரு இளக்கும் ஸ்பிரே, கம்பி பிரஷ், ஹேக்ஸா, உளி, சுத்தியல், அசையாத பெஞ்ச் வைஸ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. புஷ்ஷை இழுக்கவும் ஏற்றவும் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் சுகம். இல்லையென்றால் 12 அல்லது 14 மி.மீ. உறுதியான மரை ராடு ஒன்று, அதற்கு நட்டுகள், தடிமனான வாஷர்கள், புஷ் உள்ளே விழுகிற அளவுக்கு ஒரு கனமான பைப் துண்டு. இவ்வளவில் ஒரு கைப்பிரஸ் தயார். மரையில் கிரீஸ் பூசாமல் திருகினால் ராடு பாதியிலேயே கடித்துக்கொள்ளும்.

உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலும் வேண்டும், குறைந்தது இறுக்க அளவுகள் உள்ள பக்கமாவது. ஆர்ம் போல்ட்டுகள் சின்ன கார்களிலேயே 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ தாண்டியோ இருப்பது சகஜம், கை அளவில் குத்துமதிப்பாக இறுக்குகிற இடம் இது இல்லை.

கழற்றுவது

முதல் நாள் சாயங்காலமே எல்லா போல்ட்டுக்கும் நட்டுக்கும் துரு ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். மறுநாள் எதையும் தொடுவதற்கு முன், கார் நான்கு சக்கரத்தில் சமதளத்தில் நிற்கும்போதே, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை எத்தனை மி.மீ. என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் கடைசியில் வேண்டும், அளக்க மறந்தால் பிறகு வழியில்லை.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட்டு, முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் போல்ட்டைக் கழற்றவே விடாது. நிறுத்திய பிறகு காரைக் கையால் பிடித்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் அடியில் போவதற்கு முன்பே விழட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது என்ற பேச்சே வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றியதும் நாலு கோணத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். லிங்க் ஆர்மோடு சேர்ந்திருந்தால் அதைக் கழற்றுங்கள். ஆர்ம் போல்ட்டில் நடு விலகிய வட்ட வாஷர், அதாவது அலைன்மென்ட் திருத்தும் கேம் போல்ட் இருந்தால், அது இப்போது நிற்கிற இடத்தை உளியால் ஒரு கீறல் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பால் ஜாயிண்ட் மூன்று விதமாக இருக்கும். ஆர்மில் போல்ட் போட்டுப் பிடித்திருந்தால் அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். நக்கிளில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கனமான வார்ப்பில், குறுக்குப் போல்ட் போட்டுக் கவ்வியிருந்தால், போல்ட்டை முழுக்க வெளியே எடுத்த பிறகுதான் தண்டு வரும், தேவைப்பட்டால் பிளவில் உளியை லேசாகக் கொடுத்து விரியுங்கள். கூம்புத் தண்டாக இருந்தால் பிரிப்பான் வேண்டும், அது ரப்பர் உறையைக் கிழிக்காத வகையாக இருக்கட்டும். நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் விட்டுவிட்டுப் பிரித்தால், விடுபடும்போது ஆர்ம் காலில் விழாது.

பிரிந்ததும் நக்கிளை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். முன் சக்கர இழுவை காரில் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் நழுவி வெளியே வந்துவிடும், அதைத் திரும்பச் சேர்ப்பது தனி அவஸ்தை. ஒரு கம்பியால் நக்கிளை இருந்த இடத்திலேயே கட்டி வையுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி புஷ் போல்ட்டுகள். நட்டு இளகியும் போல்ட் வெளியே வராமல், திருகினால் ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தால், போல்ட் உள்குழலுக்குள் துருப் பிடித்து ஒட்டிவிட்டது. பழைய காரில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஸ்பிரே, காத்திருப்பு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது. அதற்கும் மசியவில்லை என்றால் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையிலுள்ள இடுக்கில் பிளேடை விட்டு போல்ட்டை அறுப்பதுதான் வழி. அதனால்தான் போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொன்னேன். நட்டு சட்டத்துக்குள் வெல்டிங் செய்யப்பட்ட வகையாக இருந்தால் முரட்டுத்தனம் காட்டாதீர்கள், வெல்டிங் விட்டுப்போனால் சட்டத்தையே வெட்டித்தான் நட்டைப் பிடிக்க முடியும்.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பது

ஆர்மை வைஸில் கட்டுங்கள். கட்டியதும் முதல் வேலை, பழைய புஷ் எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது, காலி இடங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பெயின்ட் மார்க்கரால் ஆர்மிலேயே கோடு போட்டுக்கொள்வது. திசை மாறி ஏற்றிய புஷ் சீக்கிரம் கிழியும், ஸ்டீயரிங்கும் சரியாக வராது.

பிரஸ் இருந்தால் வளையத்தின் விளிம்பில் பிடித்துத் தள்ளிவிடலாம், ஆர்முக்கு அடியில் சரியான முட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு ஆர்மின் காது வளைந்துவிடும். பிரஸ் இல்லையென்றால், ரப்பரில் சுற்றிலும் டிரில் போட்டு உள்குழலைப் பிடுங்கி எறியுங்கள், மிச்ச ரப்பரைக் கத்தியால் வழியுங்கள். நெருப்பு வைத்து எரிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கறுப்புப் புகை நெஞ்சுக்குக் கெடுதல், அலுமினிய ஆர்மாக இருந்தால் சூட்டில் அதன் பலமே போய்விடும், திரவம் அடைத்த புஷ் வெடித்துத் தெறிக்கும். வேண்டாம்.

இப்போது துளைக்குள் வெறும் இரும்பு வளையம் மட்டும் நிற்கும். ஹேக்ஸா பிளேடை ஃபிரேமிலிருந்து கழற்றி, வளையத்துக்குள் நுழைத்து, மறுபடி ஃபிரேமில் மாட்டி, உள்ளிருந்து வெளியே பார்த்து அறுங்கள். வளையம் ஒன்றரை, இரண்டு மி.மீ. தடிமன்தான் இருக்கும். அவசரப்படாமல் நாலு இழுப்புக்கு ஒரு தடவை டார்ச் அடித்து வெட்டுக்குள் பாருங்கள். வளையம் அறுபடும்வரை வெட்டு அடி முழுக்கப் பளபளவென்று இருக்கும். வளையத்தைத் தாண்டும் இடத்தில் அந்தப் பளபளப்புக்கு நடுவே மெல்லிய துருக் கோடு ஒன்று தெரியும், பிளேடின் சத்தமும் கொஞ்சம் மாறும். அந்தக் கோடு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அறுத்தால் ஆர்மையே அறுக்கிறீர்கள். பிறகு வெட்டின் ஓரத்தில் சின்ன உளியை வைத்து வளையத்தை உள்பக்கமாக மடித்துத் தட்டினால், பிடி தளர்ந்து இரண்டு மூன்று அடியில் கழன்று விழும். துளையைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துடைத்து, விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், எங்கும் பிசிர் தட்டுப்படக் கூடாது.

புதுசை ஏற்றுவது

புது புஷ்ஷைச் சில மணி நேரம் ஃபிரீசரில் வைத்தால் இரும்பு வளையம் துளியளவு சுருங்கும், ஆரம்பம் கொஞ்சம் எளிதாகும். வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பருக்கு ஆகாது.

விசை வெளிவளையத்தின் விளிம்பில் மட்டும்தான் விழ வேண்டும். உள்குழலையோ ரப்பரையோ அழுத்தித் தள்ளினால், ஒட்டு உள்ளே பிய்ந்துவிடும்; வெளியே பார்க்கப் புதுசாகவே இருக்கும், சில மாதத்தில் பழைய சத்தம் திரும்ப வரும். அதனால் வளையத்தின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிற சாக்கெட்டையோ பைப்பையோ தேடி எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குறி பார்த்து நேராக வைத்து, ராடை மெதுவாகத் திருகுங்கள். முதல் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் கண்ணை எடுக்காதீர்கள், புஷ் கோணலாகப் போனால் நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி நேராக வையுங்கள். கோணலாக ஏறினதை இன்னும் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், ஆர்மின் துளை கீறிப்போகும்.

சுத்தியலால் அடித்து ஏற்றலாமா? ஏறும். நான் செய்யமாட்டேன்.

மாட்டுவதும் இறுக்குவதும்

ஆர்மைப் பிராக்கெட்டில் வைத்து போல்ட்டுகளைப் போடுங்கள், போல்ட் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அதே பக்கமிருந்து. மரையில்லாத உடல் பகுதியில் துரு தடுக்கும் பேஸ்ட் லேசாகத் தடவலாம், அடுத்த தடவை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். மரையில் படக் கூடாது, பட்டால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவுக்கும் உண்மையான இறுக்கத்துக்கும் சம்பந்தம் இருக்காது. இப்போதைக்குக் கையால் திருகி, ஆர்ம் தடையில்லாமல் மேலும் கீழும் ஆடுகிற அளவுக்கு மட்டும் விடுங்கள். பால் ஜாயிண்ட்டை மட்டும் மேனுவல் அளவுக்கு முழுசாக இறுக்கலாம். நட்டு கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது.

இப்போது கார் ஸ்டாண்டில் நிற்கிறது, ஆர்ம் கீழே தொங்குகிறது. இந்த நிலையில் புஷ் போல்ட்டை இறுக்கினால் என்ன ஆகும்? தொங்குகிற நிலைதான் ரப்பருக்கு முறுக்கில்லாத நிலை என்று ஆகிவிடும். காரை இறக்கியதும் ஆர்ம் மேலே எழும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கார் நிறுத்தியிருக்கும்போதுகூட அந்த முறுக்கு இறங்காது. அதன் மேல் ஒரு பள்ளம் மேடு வந்தால் ரப்பர் தன் எல்லையைத் தாண்டிக் கிழிய ஆரம்பிக்கும். புது புஷ் சீக்கிரம் போய்விட்டது, மட்டமான சாமான் என்று திட்டுபவர்களில் பலர் வீட்டில் நடந்தது இதுதான்.

ஆகவே கார் தன் எடையில் நிற்கிற உயரத்தில்தான் இறுக்க வேண்டும். சிறந்த வழி, சக்கரங்களை மாட்டி, சரிவுப் பலகை மீதோ தடிமனான அகலக் கட்டைகள் மீதோ காரை இறக்கி, பின்பக்கத்தையும் அதே உயரத்துக்கு வைத்து, முன்பக்கத்தை நாலு தடவை அழுத்தி விட்டு ஆட வைத்து, பிறகு அடியில் போய் இறுக்குவது. இடம் போதவில்லை என்றால் சக்கரம் இல்லாமலே ஆர்மின் பால் ஜாயிண்ட் முனையில் ஜாக்கி கொடுத்து, முதலில் அளந்து எழுதினீர்களே, அந்த எண் வரும்வரை தூக்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை: அந்த உயரம் வருவதற்குள் அந்தப் பக்கத்து எடை முழுவதும் ஜாக்கிக்கு வந்துவிடும், கார் ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும். எழும்புவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, கட்டை வழிக்கு மாறுங்கள்.

டார்க் ரெஞ்ச் சொடுக்கியதும், கோணமும் சொல்லியிருந்தால் அதையும் கொடுத்து, முடிந்த போல்ட்டில் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். எது இறுக்கியது எது விட்டது என்ற சந்தேகம் ராத்திரி தூங்க விடாது. லிங்க் நட்டும், அதன் பிறகு வீல் நட்டும். அடுத்த பக்கமும் இதே மாதிரிதான். கை பழகிவிட்டதால் பாதி நேரத்தில் முடியும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, சில தடவை பிரேக் அடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் கோணலாக நின்றால் பயப்பட வேண்டாம், பழைய புஷ்ஷின் தளர்வோடு செய்த அலைன்மென்ட் அது, நேராகப் போய் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் டயர் தேயும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதியுங்கள். ஆர்ம் போல்ட்டில் பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

சத்தம் இன்னும் இருந்தால், கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லி, பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கை வைத்துப் பாருங்கள். அங்கே 'டக்'கென்று துள்ளினால் அடுத்து மாற்ற வேண்டியது ஸ்ட்ரட் மவுன்ட். அதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும், தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.